செசீலி அக்கா ஏறாத கார்

எங்கள் தொழிலில் வண்டி ஓடினால் அது ஓட்டுகிறவரின் கெட்டித்தனம்; நின்றால் அது மெக்கானிக்கின் பிழை. இருபத்திரண்டு வருடமாக வேலணை வங்களாவடியில் கராஜ் வைத்திருந்து நான் கண்ட உண்மை இது ஒன்றுதான். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரம், தண்ணீர் இறைக்கிற பம்ப், ஊர்காவற்றுறையிலிருந்து ஓட்டோவில் படுத்துக்கொண்டு வரும் போட் எஞ்சின்கள், இவர்கள்தான் என் நோயாளிகள். பாதிக்கு மேல் போட் எஞ்சின்கள். அவை வராவிட்டால் நான் கராஜுக்குள் கோழி வளர்க்க வேண்டியதுதான்.

இந்தக் கதையில் வருகிற நோயாளி வேறு ரகம். முப்பது வருடப் பழசு, இரண்டே இரண்டு இருக்கை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், நிறம் சிவப்பு. பழைய வண்டி வாங்கித் தலையில் கைவைத்தவர்களும், அதைத் திருத்தப்போய்த் தலையில் கைவைத்தவர்களும் இதை வாசிக்கலாம். மற்றவர்களுக்கு விளங்காது. விளங்காமல் இருக்கும்வரை அவர்கள் சுகமாக இருப்பார்கள்.

சூடான பொனற்

மரியதாஸ் அண்ணை ஊர்காவற்றுறைக்காரர். முப்பது வருடம் கடலுக்குப் போனவர். நாரிப்பிடிப்பு வந்து இடுப்பு நிமிர்த்த ஏலாமல் போனதும் போட்டை மருமகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். சும்மா இருக்கிற மனிதருக்கு யோசனை வரும். கோண்டாவிலில் ஒருவர் கனடாவுக்குப் போகிறார், அவருடைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறார், அதை வாங்கினால் என்ன என்பது இவருக்கு வந்த யோசனை. பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு புத்தி சொல்கிறேன். போனதும், கதைக்க முன்னம், பொனற்றில், அதுதான் எஞ்சின் மூடியில், கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வர முன்னமே விற்கிறவர் எஞ்சினை எழுப்பி, இருமல் சளியெல்லாம் போக்காட்டி, நல்ல பிள்ளையாக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நான் கை வைத்தேன். தோசைக்கல். இதைச் சொல்லலாம் என்று திரும்பினால் அண்ணை ஏற்கெனவே உள்ளே போய், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாய்ந்து படுத்திருக்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். "எப்பிடித் தம்பி?" என்றார். என் வாயிலிருந்து, "எடுங்கோ அண்ணை, நல்ல எஞ்சின்" என்று வந்தது. அந்த ஒரு வசனத்துக்குத்தான் பிறகு எட்டுக் கிழமை, முழுதாக இரண்டு மாதம், அழுதேன்.

திரும்பி வரும் வழியில் மரியதாஸ் அண்ணை சொன்னார்: "முப்பது வருசம் போட்டில நிண்டு ஓடி நாரி விட்டுப்போச்சுத் தம்பி. இனிப் படுத்திருந்து ஓடப்போறன்."

நிபந்தனை

செசீலி அக்கா அண்ணையின் மனைவி. கோயிலில் மாதர் சங்கத் தலைவி. எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரும் கோயில் என்றுதான் சொல்வார்கள். கார் வாசலுக்கு வந்தபோது அக்கா குசினியில் சமையலை விட்டு ஈரக் கையோடு வந்து, அதை ஒரு சுற்றுச் சுற்றினா. கதவடியில் இரும்பைத் தின்றிருந்த கறளை விரலால் சுரண்டிப் பார்த்தா.

"இதுக்குள்ள எத்தினை பேர் இருக்கலாம்?"

"ரெண்டு பேர்" என்றார் அண்ணை, நிலத்தைப் பார்த்தபடி.

"எங்கட வீட்டில எத்தினை பேர்?"

"ஒம்பது."

அதற்குமேல் அக்கா அவரோடு கதைக்கவில்லை. நிபந்தனையை எனக்குத்தான் சொன்னா. கோயில் பெருநாளுக்குக் கொடியேற இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. அதற்கு முதல் இந்தக் கார் ஒருதரம் யாழ்ப்பாணம் போய், எங்கேயும் நிற்காமல், ஒருவரும் தள்ளாமல், இதே வாசலுக்குத் திரும்பி வர வேண்டும். வந்தால் அக்கா ஏறிக் கொடியேற்றத்துக்குப் போவா. வராவிட்டால் கொடியேறின அடுத்த நாள் காரை விற்க வேண்டும். அண்ணை தலையாட்டினார். வேறு என்ன செய்வது.

இதில் என் பிழைப்பும் மாட்டியிருந்தது. ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போவது ஆண்கள்தான். ஆனால் பழுதான எஞ்சின் எந்தக் கராஜுக்குப் போவது என்று தீர்மானிப்பது பெண்கள். அந்தப் பெண்களுக்குத் தலைவி செசீலி அக்கா. அவ என்னைப் பார்த்துச் சொன்ன கடைசி வார்த்தை இது: "நீர்தானே பாத்து எடுத்துக் குடுத்தனீர் தம்பி? ஓடினால் ஊர் முழுக்க உம்மட பேரைச் சொல்லுவன். ஓடாட்டிலும் சொல்லுவன்."

சாறம்

முதல் வேலை, பிந்திப்போன சேர்விஸ். "எல்லாம் நேரத்துக்கு நேரம் செய்தது" என்று விற்றவர் சொல்லியிருந்தார். எந்த நேரம் என்று நாங்கள் கேட்கவில்லை. எஞ்சின் ஒயிலை வடித்தேன். அது வடியவில்லை, யோசித்து யோசித்து இறங்கியது. றேடியேற்றர் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறம். ரைமிங் பெல்ற்றைத் தொட்டேன். பல்லொன்று கையோடு வந்தது. அந்த பெல்ற் ஓடுகிறபோது அறுந்தால் எஞ்சினுக்குள் இருக்கிற சாமான்கள் ஒன்றோடொன்று மோதி, மிச்சத்தைப் பழைய இரும்புக்காரனிடம்தான் கொடுக்கலாம். கோண்டாவிலிலிருந்து ஊர்காவற்றுறை வரை அது அறாமல் வந்ததற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

பிறகு எயார் ஃபில்ரர் பெட்டியைத் திறந்தேன். ஃபில்ரர் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் இடுப்பில் கட்டுகிற நீலக் கட்டச் சாறத்தின் துண்டொன்றை நாலாக மடித்து வைத்திருந்தார்கள். நான் யுத்தத்தில் பெற்றோலும் சாமானும் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் படித்தவன். மண்ணெண்ணெயில் கார் ஓட்டியிருக்கிறோம், சைக்கிள் ரியூப்பில் பெல்ற் வெட்டியிருக்கிறோம். அதனால் கோபம் வரவில்லை. நல்ல துணியாக எடுத்துத்தான் மடித்திருக்கிறான் என்று முதலில் மெச்சிக்கொண்டேன், பிறகுதான் ஏசினேன்.

பக்கத்துக் கடையில் வயறிங் வேலை செய்கிற இராசன் எட்டிப் பார்த்தான். அவன் வேலையைவிட என் வேலையைப் பார்ப்பதில்தான் அவனுக்கு விருப்பம். சாறத் துண்டைக் கையில் வாங்கி, உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வெளியில மாப்பிள்ளைக் கோலம், உள்ளுக்கு வீட்டுச் சாறம்."

கண்

இந்தக் காரின் முன் லைற்றுகள் பகலில் பொனற்றுக்குள் மறைந்திருக்கும். சுவிச்சைப் போட்டால் இரண்டும் மேலே எழும்பும். எழும்ப வேண்டும். உப்புக் காற்று வலது பக்கத்து மோட்டரைத் தின்றுவிட்டதால் இடது மட்டும்தான் எழும்பியது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம் அண்ணை காரைக் கோயில் வாசலில் நிறுத்தி, கூட்டாளிமாருக்கு லைற் எழும்பும் அதிசயத்தைக் காட்டியிருக்கிறார். இடது எழும்பியது. பழுதாக்கும் என்று திரும்பப் போட்டார். திரும்ப எழும்பியது, படுத்தது, எழும்பியது. அந்த நேரம் பார்த்து நேர் முன்னால் இரண்டு கன்னியாஸ்திரிகள் வந்துகொண்டிருந்தார்கள். செசீலி அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல், வெயிலில் குடையும் விரிக்காமல், வீட்டுக்கு நடந்துவிட்டா.

அடுத்த நாள் இராசன் மோட்டரைக் கழற்றித் திருத்திக் கொடுத்தான். அந்தச் சிஸ்ரர்மாரில் மூத்தவர் அண்ணையிடம் சொன்னதை அண்ணையே வந்து எங்களுக்குச் சொன்னார்: "ஒரு கண்ணால அடிச்சால்தான் மகன் பிழை. ரெண்டு கண்ணையும் திருத்திக்கொண்டு வாரும், ஆசீர்வதிக்கச் சொல்லுறன்."

பவுசர் தண்ணீர்

மூன்றாம் கிழமையில் புது வருத்தம். கார் காலையில் எழும்பாது. எழும்பினாலும் இருமும், நொண்டும், பத்து நிமிடம் கழித்துத்தான் மனிதராகும். பிளக்குகளை மாற்றினேன். பிளக் வயர்களை மாற்றினேன். மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற மூடியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து மாற்றினேன். ஒவ்வொருதரமும் கராஜில் ஒழுங்காக ஓடும். வீட்டுக்குப் போய் ஓர் இரவு படுத்தெழும்பினால் திரும்ப இருமல்.

திருத்தின போட் எஞ்சின் ஒன்றைக் கொடுக்க ஒருநாள் பின்னேரம் ஊர்காவற்றுறைக்குப் போனேன். அண்ணையின் வீட்டு வளவுக்குள் காரின் பொனற் திறந்திருக்கிறது. அண்ணை சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயைப் பிடித்து, எஞ்சினுக்கு மேலே தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். பிளக் குழிக்குள் தண்ணீர் நிறைந்து, வழிந்து, நிலத்தில் ஓடுகிறது. கடலில் ஓடின எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்தால் உப்புத் தின்றுவிடும். எங்கள் கரையில் இதை மீறுகிறவன் கிடையாது. முப்பது வருடப் பழக்கத்தில் அவர் காரையும் ஓடி முடிந்ததும் குளிப்பாட்டியிருக்கிறார். குழாயைப் பறித்து எறிந்துவிட்டு, இனிமேல் எஞ்சினில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சத்தம் போட்டேன். அண்ணை பாவம்போல நின்றார்.

"உப்புக் காத்துப் பட்டதைக் கழுவாமல் மூட மனம் வருகுதில்லைத் தம்பி" என்றார். "நாங்கள் குளிக்கிறது கிணத்து உவர்த்தண்ணி. இதுக்குப் பவுசர் லொறியில காசுக்கு வாற நல்ல தண்ணியெல்லோ அடிச்சனான்."

பாதை

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடல். அதைக் கடக்கிற தட்டையான மிதவைக்குப் பாதை என்று பெயர். சனம், சைக்கிள், ஓட்டோ, ஆட்டுக்குட்டி எல்லாம் அதில் ஏறும். ஸ்போர்ட்ஸ் காரும் ஏறும் என்று அண்ணை நினைத்தார். காரைநகரில் இருக்கிற பழைய கூட்டாளிக்குக் காட்ட வேண்டுமாம். நானும் பக்கத்தில் இருந்தேன். சொன்னேன், அண்ணை கேட்கவில்லை.

கடல் வற்றியிருந்த நேரம். பாதையின் ஏறுபலகை செங்குத்தாக நின்றது. முன் சக்கரம் இரண்டும் ஏறின, வயிறு பலகை விளிம்பில் இருந்துவிட்டது. முன்னாலும் போக ஏலாது, பின்னாலும் வர ஏலாது. கந்தோர் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்களும் எங்களுக்குப் பின்னால் வரிசையாக நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். கடைசியில் எட்டுப்பேர் சேர்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று காரைத் தூக்கி, பின்னால் கொண்டுவந்து, கரையில் வைத்தார்கள். அண்ணை இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இறங்கச் சொல்லி ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

சேலையில் கிறீஸ் பட்டதைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு ஒரு ரீச்சர் சொன்னா: "றேஸ் கார் எண்டு சொல்லிச்சினம். இப்ப நாங்களெல்லோ தூக்கிக்கொண்டு ஓடுறம்."

புகை

கொடியேற மூன்று கிழமை இருக்கையில் முதல் பரீட்சை. ஊர்காவற்றுறையில் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நானும் அண்ணையும் புறப்பட்டோம். புது பெல்ற், புது ஒயில், புது ஃபில்ரர், காய்ந்த பிளக். என் மனதில் ஒரு பயமும் இல்லை. சரவணை ஊருக்குள் போகையில் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். சரவணை தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் நீலப் புகை, ரோட்டு அகலத்துக்கு.

வேலணையைத் தாண்டினோம். புகை கூடியது, இழுவை குறைந்தது. மண்கும்பானில் ஒரு கடைக்கு முன்னால் கார் நாலுதரம் குலுக்கிவிட்டு நின்றது. பிளக்குகளைக் கழற்றினேன். கறுத்து, ஒயிலில் குளித்து, எண்ணெயில் கருகின மோர்மிளகாய் மாதிரி இருந்தன. ஒயில் எரிகிறது. ஒயில் எரிந்தால் எஞ்சினுக்குள் ஏதோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல எஞ்சின் என்று சொன்னவன் நான். லான்ட்மாஸ்டர் ஒன்றில் கயிறு கட்டி வங்களாவடிக்கு இழுத்துக்கொண்டு வந்தோம்.

கயிறு கட்டும்போது கடைக்கார ஐயா இருமிக்கொண்டே வெளியே வந்து கேட்டார்: "டெங்கு நுளம்புக்கு அடிக்க வந்தனியளோ? அப்ப பின்னால இருக்கிற சின்ன ஒழுங்கைக்கும் ஒருக்கா அடிச்சுவிட்டுப் போங்கோ."

நல்ல பிள்ளை

பதினொரு நாள். எஞ்சினின் தலையைக் கழற்றினேன். வால்வுகளுக்கு ஒயில் இறங்காமல் தடுக்கிற ரப்பர் சீல்களை எல்லாம் மாற்றினேன். பிஸ்ரனைப் பார்த்தேன், சிலிண்டரைத் தடவினேன். தேய்மானம் பெரிதாக இல்லை. அது எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தேய்மானம் இல்லாமல் ஒயில் எப்படி எரிந்தது என்று இரவில் நித்திரை வரவில்லை. டாங்கில் இருந்த பெற்றோலை வடித்துச் சாமான் கழுவினேன். கை வழுவழு என்று இருந்தது. அப்போதும் என் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. போட் எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெயோடு கலக்கிற ஒயிலின் மணம் என் கராஜில் எப்போதும் இருக்கும். என் மூக்குக்கு அது காற்று மாதிரி.

புதுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணினேன். புகையே இல்லை. இரண்டு நாள் நாரந்தனைக்கும் புளியங்கூடலுக்கும் ஓடிப் பார்த்தேன். ஒரு பொட்டுப் புகை இல்லை. அண்ணை டாங்கை நிறைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் இரண்டாம் பரீட்சை. சரவணையிலேயே நின்றுவிட்டது. நீலப் புகை. "உன்ர கராஜில நல்ல பிள்ளை, ஊர்காவற்றுறைக்குப் போனால் காவாலி. சேர்க்கை சரியில்லை" என்றான் இராசன். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கிழமை ஊர்காவற்றுறையிலிருந்து ஒரு எஞ்சின்கூட வரவில்லை. வந்து கிடந்தவையும் போகத் தொடங்கின. யேசுதாசன் என்று எனக்குப் பத்து வருடப் பழக்கம் உள்ள ஒரு சம்மாட்டி, சில போட்டுகளுக்குச் சொந்தக்காரர், வந்து, பாதி திருத்தின தன் எஞ்சினை ஓட்டோவில் ஏற்றினார். கழற்றி வைத்திருந்த ஆணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கோவிக்காதையும் தம்பி. உம்மில எனக்கு ஒண்டும் இல்லை. காரின்ர முடிவைப் பாத்துப்போட்டு எஞ்சினைக் குடுக்கலாம் எண்டு செசீலி அக்கா சொன்னவ."

புனல்

கொடியேற்றத்துக்கு முதல் நாள். பிளக்குகளை மாற்றிக் கொடுத்த காரை அண்ணை திரும்ப டாங்க் நிறைத்து வீட்டில் வைத்திருந்தார். எனக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. ஓர் எஞ்சினின் உண்மைக் குணம் காலையில் முதன்முதல் எழும்பும்போதுதான் தெரியும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஊர்காவற்றுறைக்குப் போனேன். அண்ணை துறைக்குப் போயிருந்தார். கடலை விட்டாலும், மருமகனின் போட் கரைக்கு வருகிற நேரம் அவர் வீட்டில் இருக்க மாட்டார்.

வளவுக்குள் போனேன். காருக்குப் பக்கத்தில் செசீலி அக்கா நின்றா. பெற்றோல் டாங்க் மூடி திறந்திருந்தது. அதற்குள் ஒரு புனல். அக்கா ஒரு போத்தல் ஒயிலை, ஒரு துளியும் வெளியே சிந்தாமல், நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தா. மண்ணெண்ணெயில் கலக்கிற அதே ஒயில்.

"என்னக்கா செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"ஏன், உமக்குத் தெரியாதே? ஒயில் கலக்கிறன்" என்றா. "இவர் கல்யாணம் கட்டின நாளில இருந்து மறதிக்காரன். கடலுக்குப் போகேக்க எல்லாம் நான்தான் கலந்து குடுக்கிறனான். பெற்றோல் முள்ளு மேல ஏறி நிண்டால் டாங்க் நிறைச்சிருக்கிறார் எண்டு தெரியும். நிறைச்ச அண்டைக்கு ஒரு போத்தில்."

நான் வாசற்படியில் இருந்துவிட்டேன். பிறகு சொன்னேன். போட் எஞ்சினுக்கு ஒயில் மண்ணெண்ணெயோடு கலந்துதான் உள்ளே போக வேண்டும், காருக்கு ஒயில் எஞ்சினின் அடியில் தனியாக இருக்கிறது, பெற்றோலில் கலந்தால் அதெல்லாம் எரிந்து புகைதான் வரும் என்று. அக்கா கடைசிவரை கேட்டா. புனலை எடுத்துத் துணியில் துடைத்தா. போத்தலை மூடினா. அவவின் முகம் சிவந்திருந்தது. மாதர் சங்கக் கூட்டத்தில்கூட ஒருவரும் அதைக் கண்டிருக்க மாட்டார்கள்.

"நான் ஏறமாட்டன் எண்டுதான் தம்பி சொன்னனான்" என்றா. "எஞ்சினை ஒயில் இல்லாமல் காய விடுவன் எண்டு சொன்னனானோ?"

கொடியேற்றம்

அன்றைக்கே டாங்கைக் கழுவி, பிளக்குகளை மாற்றி, புதுப் பெற்றோல் விட்டேன். அடுத்த நாள் மத்தியானம் மூன்றாவது, கடைசிப் பரீட்சை. மாலையில் கொடி ஏறும். சரவணை தாண்டியது. மண்கும்பான் கடைக்கார ஐயா எங்களைக் கண்டதும் மூக்கைப் பொத்தினார், பிறகு கையை எடுத்தார். கடலுக்கு நடுவே போகிற தாம்போதியில் காற்று முகத்தில் அடித்தது. யாழ்ப்பாணத்து வாசலில் இருக்கிற பண்ணைச் சுற்றுவட்டத்தில் நிற்காமல் ஒரு வட்டம் அடித்துத் திரும்பினோம்.

அல்லைப்பிட்டியில் ரோட்டுக்குக் குறுக்கே மாடுகள் படுத்திருந்தன. "மாட்டுக்கு நிண்டாலும் நிண்டதுதானே தம்பி?" என்று அண்ணை பதறினார். ஓம், அக்காவின் சட்டத்தில் அதுவும் நிற்பதுதான். நடக்கிற வேகத்தில், ஹோர்ன் அடித்து அடித்து, ஒவ்வொரு மாடாகக் கெஞ்சிக் கெஞ்சி ஊர்ந்தோம். ஒரு கன்று மட்டும் எழும்ப மாட்டேன் என்று விட்டது. அதைச் சுற்றிப் புல்லில் இறங்கி ஏறினோம். எஞ்சின் ஒருதரம்கூட இருமவில்லை.

ஊர்காவற்றுறையில் அண்ணை வீட்டு ஒழுங்கை முழுக்கச் சனம். செசீலி அக்கா பட்டுச் சேலையோடு வாசலில் நின்றா. யேசுதாசன் முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்க, "என்ன பிழையாம் தம்பி கடைசியில?" என்றார். அக்கா என்னைப் பார்த்தா. இரண்டு மாதமாக நான் வாங்கிய பேச்செல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், பழி என் தலையை விட்டு இறங்கும். "என்ர பிழைதான் அண்ணை" என்றேன். "பாக்கவேண்டிய ஒரு இடத்தைப் பாக்காமல் விட்டிட்டன்." அது பொய்யும் இல்லை. அக்கா ஒழுங்கையைப் பார்த்துத் திரும்பி, "பிழையை ஒத்துக்கொள்ளுற மெக்கானிக் இந்தத் தீவில இவர் ஒருதர்தான். எஞ்சினுகளை இவரிட்டையே குடுங்கோ" என்றா. பிறகு சேலையைக் கொய்து பிடித்துக்கொண்டு காருக்குள் இறங்கினா. அதற்கு ஐந்து நிமிடம் எடுத்தது, ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா உள்ளே சீற் பெல்ற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அண்ணை வாசல் படலையைச் சாத்துகிற சாட்டில் என்னிடம் வந்தார். காதுக்குக் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்: "அவ ஒயில் விடுறதை நான் முதல் பரீட்சைக்கு டாங்க் நிறைச்ச அண்டைக்கே கண்டனான் தம்பி. எஞ்சினை நீர் எத்தினை தரமும் கழட்டிப் பூட்டுவீர். அது பிழை எண்டு சொல்லி அவ ஒருக்காக் கோவிச்சாவெண்டால் பிறகு காருக்குக் கிட்டவும் வரமாட்டா."

அன்றிலிருந்து என் கராஜுக்கு எந்த வண்டி வந்தாலும், அந்த வீட்டு அண்ணைக்கும் அக்காவுக்கும் இடையில் இப்போது எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் பொனற்றைத் திறக்கிறேன்.